தோட்டத்தில் காய்ந்த பாய்மரப் படகு

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மளிகைச் சீட்டும், ஊருக்குப் போடுகிற கார்டும் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. முன்னே வரவேண்டியது பின்னே வரும், சிலது மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலியில் எங்கள் குவாட்டர்ஸ் தோட்டத்தில் ஒரு பாய்மரப் படகு நின்றது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் மைன்ஸில் பம்ப் செக்‌ஷனில் இருந்தார். சேலம் பக்கத்துக்காரர். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் போர் போட்டு ஓயாமல் இறைத்தால்தான் ஆள் இறங்கி வெட்ட முடியும். அந்த இறைக்கிற வேலைதான் அவருக்கு. வீட்டில் ஒரு குழாய் சொட்டினாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

எழுபதுகள் முடிகிற சமயம் என்று நினைக்கிறேன். மெஷின் பூட்ட வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பினார். அவர் பாண்டிச்சேரியில் யாரிடமோ பழசாக வாங்கி, கடலூர் முதுநகரில் உப்பங்கழியில் கட்டிவைத்திருந்த படகு அது. லீவு நாளில் அவரும் அவர் மனைவியுமாகக் கரையோரமாகவே பரங்கிப்பேட்டை வரை போய்வருவார்களாம். கிளம்பும்போது அதை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

இருபது அடி இருக்கும். எல்லாம் மரப்பலகை. முன்பக்கம் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்ன அறை, அதற்குள் இரண்டு பேர் படுக்க இரண்டு பலகை, ஸ்டவ் வைக்க ஒரு மூலை. பாயை ஏற்றுகிற கயிறு, இழுக்கிற கயிறு எல்லாமே சுக்கான் பிடிக்கிறவர் உட்கார்ந்த இடத்துக்கு வந்துவிடும். எழுந்து ஓட வேண்டியதில்லை.

“ரெண்டே ஆளு போதும் புள்ள. நீயும் நானும். கரையைப் பாத்துக்கிட்டே போயிட்டு வந்துரலாம்,” என்றார் இவர்.

அந்த ‘நீயும்’ என்ற சொல் என்னை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. நான் தொண்டிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். அப்பாவின் கடையே கரையில்தான். பாய் விரித்துப் போகிற தோணிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். ஆனால் எங்கள் பக்கம் பொம்பளை படகில் கால் வைக்கக்கூடாது. கரையில் கிடக்கிற தோணியின் மேல் சாய்ந்தால்கூட “ஏ, அங்கிட்டுப் போ” என்று விரட்டுவார்கள். ஒரு தடவையாவது பாய் கட்டிய படகில் உட்கார்ந்து கடலுக்குப் போக வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம்கூட அதைச் சொன்னதில்லை.

கடலூரில் விட்டுவைத்தால் வாரத்தில் ஒரு நாள் ஆஃபில் ரிப்பேர் முடியாது என்று லாரியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். பலா மரத்தடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். பிளாக்கே வந்து வேடிக்கை பார்த்தது.

பக்கத்து வீட்டுக்காரி பண்ருட்டிப் பக்கம். வாய் ஓயாது. “யக்கா, மைன்ஸ் தண்ணி மேல ஏறிக்கினு வருதுன்னு ஒங்க வூட்டுக்காரருக்கு மட்டும் சொல்லிட்டாங்களா? எங்களுக்கும் ரெண்டு சீட்டு போட்டு வையி,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து ரேஷன் கடையில்கூட நான் கப்பல்காரம்மா.

இவர் ஷிப்ட் சார்ட் போடுகிற மாதிரி ஒரு தாள் எழுதி அறைக்குள் ஒட்டினார். ஒன்றாம் ஆள் என்ன செய்ய வேண்டும், இரண்டாம் ஆள் என்ன செய்ய வேண்டும் என்று. பிளாக் ஜனங்கள் சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, தோட்டத்திலேயே பாயை ஏற்றிப் பழகுவோம். “இரண்டாம் ஆளு, கயித்த விடு!” என்பார். நான் விடுவேன். காற்று எங்கிருந்து வருகிறது என்று அவர் விரலை நனைத்துத் தூக்கிப் பார்ப்பதற்குள் எனக்குத் தெரிந்திருக்கும். சொல்ல மாட்டேன்.

ஷிப்ட் மாறி மாறி, ஓவர்டைம் வந்து, ஒன்று போய் இரண்டு வெயில் காலம் ஆகிவிட்டது. பலா இலை கூட்டுவதும், கரித்தூள் துடைப்பதும், பல்லி விரட்டுவதும் என் பாடு. நெய்வேலி வெயிலில் பலகைகள் காய்ந்து இடுக்கு விட்டன. ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கத்து வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

எனக்கு அது பயமாக இல்லை. எங்கள் ஊரில் வெயிலில் கிடந்த தோணியைக் கடலுக்கு இறக்குமுன் உப்பங்கழியில் முக்கிப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் குடித்துப் பலகை உப்பி, இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு நாள் சோறு போடும்போது சொன்னேன்.

“உள்ளுக்குள்ள தண்ணி ஊத்தி வச்சா சரியாப் போகுங்க.”

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நான் மூணு ஷிப்டும் தண்ணிய வெளிய எறைச்சிக்கிட்டுக் கெடக்கறேன். நீ ஊத்தச் சொல்ற! ஓட்டையில தண்ணி ஊத்துனா ஓட்டை அடையுமா புள்ள? நல்ல கதை. கொஞ்சம் ரசம் ஊத்து.”

ரசம் ஊற்றினேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஊரில் பார்த்ததை விளக்கியிருக்கலாம். எனக்குத் தொண்டையை விட்டு வராது. அந்தக் குணத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு வாரம் பொறுத்தேன். அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போன காலையில் நானே குடத்தில் பிடித்துப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தேன். ஊற்றியதெல்லாம் அடியில் ஒழுகியது. விடாமல் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி சுவர் மேல் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, படகுக்குத் தண்ணி ஊத்திகினு இருக்க? மொளைக்கப் போவுதா?”

“பலகை உப்பட்டும்னு.”

“ஒங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?”

நான் அடுத்த குடத்தைச் சாய்த்தேன். “சரி, சரி, இரு, வரேன்,” என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அவளும் ஒரு குடத்தோடு வந்தாள். மத்தியானத்துக்குள் ஒழுகுவது கொஞ்சம் மட்டுப்பட்டது. என் கண்ணால் பார்த்தேன். நாலு நாள் இப்படி ஊற்றினால் போதும் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு மேல் அவர் வந்தார். ஈரத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“யாரு இதுக்குள்ள தண்ணி ஊத்துனது?”

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. என் வாயிலிருந்து வந்தது, “தெரியலைங்க.”

கைப்பம்ப் கொண்டுவந்து கடைசிச் சொட்டு வரை இறைத்தார். துணியால் துடைத்தார். அப்புறம் மந்தாரக்குப்பத்தில் பஸ் பாடி வேலை செய்கிறவரிடம் கேட்டு, இரண்டு டப்பாவில் வருகிற மக்குப் பசை வாங்கிவந்தார். கலந்து வைத்தால் கல்லாக இறுகிவிடும். ஒரு மாதம் ஷிப்ட் முடிந்த நேரமெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு இடுக்கிலும் அதை அழுத்தி அடைத்தார். மேலே பெயிண்ட். பார்க்கப் புதுசாக இருந்தது. இனிமேல் சொல்லி என்ன என்று இருந்துவிட்டேன்.

லாரியில் கடலூர் கொண்டுபோய் இறக்கிய அன்று ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. உப்பங்கழியில் துடுப்புப் போட்டு ஒரு சுற்று போய்வந்து, “பாத்தயா!” என்றார். லாரிக்காரர் அவசரப்படுத்தினார். “இன்னைக்கு வேணாம். அடுத்த ஆஃபுக்கு நீயும் நானும் பாய் கட்டிப் போறோம்,” என்றார். நான் கரையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான் சின்னப் பிள்ளையில் பார்த்ததெல்லாம் பொய்யோ என்றுகூட அந்த ஒரு வாரம் நினைத்தேன். சோறு கட்டுவதற்குப் புதுத் தூக்கு வாங்கிவைத்தேன்.

அடுத்த ஆஃபுக்குப் போனபோது படகின் விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

நாலைந்து பேர் சேர்ந்து கரைக்கு இழுத்தார்கள். பலகைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஆணியோடு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அங்கே ஒரு ஓடாவி இருந்தார். படகு கட்டுகிற ஆசாரியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். விரலால் மக்கைத் தட்டிப் பார்த்தார்.

“யாருங்க இந்தக் கல்லை வெச்சது? பலகை தண்ணி குடிச்சா பருக்கும். பருக்க எடம் இல்லன்னா ஆணியைப் பிடுங்கிகினு வரும். பத்து நாளு தண்ணியில போட்டு வெச்சிருந்தா தானா மூடிக்கினு இருக்குமே. வூட்டுல ஒருத்தருக்குமா தெரியல?”

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி தாண்டியதும், “நீ அன்னைக்கு ஒரு தடவ சொன்னீல்ல?” என்றார்.

“ம்.”

“இன்னொரு தடவ சொன்னா என்ன?”

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் ஆள் இருப்பதே மறந்துவிட்டது. “சொல்லல. ஊத்தினேன். நீங்கதான் உக்காந்து எறைச்சீங்க!”

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வடலூரில் பஸ் மாற இவர் முன்னால் எழுந்தார். இறங்கும்போது, “அப்ப அது நீயா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் படகை ஓடாவியே எடுத்துக்கொண்டார். மக்கையெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு, துருத்தியதை மாற்றி, உப்பங்கழியில் முக்கிவைத்து, இடுக்கில் பஞ்சுத் திரியும் குங்கிலியமும் போட்டு அடித்தாராம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்காகக் கடலூர் போனவர்கள் அங்கேயும் போனோம். படகு பாயைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. ஓடாவியும் அவர் தம்பியும், இரண்டே பேர்.

“முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வரலாம், ஏறுங்கம்மா,” என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினார் ஓடாவி.

“அவளுக்குப் பயமுங்க,” என்றார் இவர்.

நல்ல வாடைக் காற்று. கரையோரமாக இறங்கிப் போக அதைவிட நல்ல காற்று கிடைக்காது. எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மூன்று சொல் போதும். ஓடாவி கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு படகில் ஏற எனக்கு வாய்க்கவே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் கடலூர் முதுநகர்ப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு உதவி. ஓடாவி சொன்னது பத்து நாளா, பதினைந்து நாளா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. முக்கிவைப்பது உப்புத் தண்ணீரில்தானா, நல்ல தண்ணீரிலும் ஆகுமா என்பதும் தெரியவில்லை. திரிக்குப் பஞ்சு வைத்தார்களா, கயிற்று நாரா என்பதும் சரியாக நினைவில்லை. படகு வேலை தெரிந்தவர்களிடம் கேட்டு, நான் எழுதியதில் தப்பு இருந்தால் அந்த இடத்தில் அடித்துச் சரியாக எழுதிவிடுங்கள்.