கொஞ்சம் என்றால் ஆறு கிராம்

எங்கள் பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் நிமிஷம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கால அட்டவணை போடுவது அவள் வேலை. "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால் ஆறாவது நிமிஷம் தேடிக்கொண்டு வந்துவிடுவாள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் ஒரு டிரைவர். கிண்டலாகத்தான் வைத்தார். அவளுக்கோ அது பிடித்துப்போயிற்று. "என் வேலைக்குப் பொருத்தமான பேர்" என்றாள். அதற்கப்புறம் கிண்டல் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நான் பக்கத்து மேஜை. பயணிகள் எழுதும் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவள். பதினோரு வருஷமாக அருகருகே உட்கார்ந்திருக்கிறோம். இங்கே சொல்வதில் பாதி நான் பார்த்தது, மீதி அவள் சொன்னது. அவளுக்குக் கூட்டிக் குறைத்துச் சொல்ல வராது. ஆகவே அந்த மீதியையும் தாராளமாக நம்பலாம்.

முதலில் அவள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொட்டி, நூடுல்ஸ், ஒரே ஒரு வகை பிஸ்கட், உப்பு ரஸ்க், வாழைப்பழம். இந்த ஐந்துதான். வழவழவென்று எதுவும் ஆகாது. ஒன்றோடொன்று கலந்தது ஆகாது. வாசனை தூக்கலாக இருந்தால் அந்தப் பக்கமே வரமாட்டாள். வெறும் பிடிவாதம் என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். முப்பத்தொரு வயதில் ஒரு மருத்துவர் அவளைச் சோதித்துப் பார்த்து ஆட்டிசம் என்றார். மறுநாள் வந்து பேருந்து எண் மாறிய செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நான் பிடிவாதம் பண்ணலையாம் அக்கா. என் மூளை வேலை செய்யற விதமே அப்படியாம். சத்தம், வாசனை, தொடுறது எல்லாம் எனக்கு மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு வருதாம்."

"சரி, இப்ப என்ன பண்ணப்போறே?"

"ஒண்ணுமில்ல. பேரு தெரிஞ்சுது. நல்லதுதானே?"

நல்லதாகத்தான் இருந்தது, ஐந்து வருஷம். அப்புறம் அவள் இளைக்க ஆரம்பித்தாள். ஓயாத வயிற்று உபத்திரவம், படி ஏறினால் மூச்சிரைப்பு, முகத்தில் ரத்தமே இல்லை. சோதனை மேல் சோதனை எடுத்து, கடைசியில் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமையில் இருக்கும் ஒரு சத்து சிலருக்குச் சிறுகுடலையே அரித்துவிடும். மருந்து கிடையாது, கோதுமையை அடியோடு விட வேண்டும். ஒரு துணுக்கு பட்டாலும் போச்சு. அவள் சாப்பிட்ட ஐந்தில் நான்கு கோதுமை.

"அப்ப நான் என்ன சாப்பிடறது?" என்று மருத்துவரிடம் கேட்டாளாம்.

"அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு, பருப்பு, மீன், காய்கறி... எவ்வளவோ இருக்கேம்மா."

"இருக்கு. எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அப்போது அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். சமையல் அண்ணி கையில். அண்ணி தங்கமான மனுஷி. ஆனால் அவர் சமையலறையில் நுழைந்தால் திருவிழாக் கடை மாதிரி இருக்கும். பாத்திரம் உருளும், மிக்ஸி அலறும், ஒரே கரண்டி நாலு பாத்திரத்தில் புழங்கும். நிமிஷத்துக்கென்று தனியாக உருளைக்கிழங்கு வேகவைத்தார். ரொட்டித் தூள் ஒட்டிய கத்தியால் அதை நறுக்கினார். மூன்று நாள் இவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. இவளுக்கு வாசனை ஒத்துப்போன பருப்பு சூப்பில், கெட்டியாக வரட்டும் என்று பழக்க தோஷத்தில் ஒரு கரண்டி கோதுமை மாவைக் கரைத்து ஊற்றிவிட்டார்.

"இதுல மாவு இருக்கு அண்ணி" என்றாள் இவள், கிண்ணத்தைத் தள்ளிவைத்து.

"ஒரு கரண்டிதாம்மா. அதுக்கா இப்படி?"

"ஒரு கரண்டி இல்ல, ஒரு துணுக்கே போதும். போன தடவையும் உங்க கத்தியாலதான் வந்துச்சு."

அவள் தகவலாகத்தான் சொன்னாள். அண்ணிக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்டது. "அப்ப நான் உனக்கு விஷம் வைக்கிறேன்கிறியா?" என்று கண் கலங்கிப் போய்விட்டார். இவள் அதையும் நிஜக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். யோசித்துவிட்டு, "தெரிஞ்சு வைக்கல" என்றாள். அதோடு பேச்சு நின்றது. அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். கடைசியில் அவள் மாடியில் இருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனாள். மூலையில் ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, அங்கே கைகட்டி நிற்க மட்டும் இடம்.

முதல் நாள் உருளைக்கிழங்கை வறுக்கப் பார்த்தாள். புத்தகத்தில் "தேவையான அளவு எண்ணெய்", "பொன்னிறமாக வந்ததும் இறக்கவும்" என்று போட்டிருந்தது. யாருக்குத் தேவையான அளவு? எந்தப் பொன்? அவள் அதை யோசித்துக்கொண்டிருக்கையில் எண்ணெய் புகைந்தது. கூரையில் இருந்த, புகை பட்டால் அலறும் எச்சரிக்கை மணி வீறிட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, மேஜைக்கு அடியில் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஓடிவந்து மணியை நிறுத்திய பிறகும் நாற்பது நிமிஷம் வெளியே வரவில்லை. நாற்பது என்பது அவள் சொன்ன கணக்கு.

அதற்கப்புறம் வெறும் வாழைப்பழம். பணிமனையில் மதியம் ஒரு சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருப்பாள்.

"ஏய் நிமிஷம், இதை வச்சு எத்தனை நாளைக்கு ஓட்டுவே?"

"இன்னிக்கு ஒன்பதாவது நாள் அக்கா."

"சமையல்ல உனக்கு எதுதான் கஷ்டம்?"

"சத்தம். ஒரே நேரத்துல நாலு வேலை. அப்புறம் இந்த 'கொஞ்சம்'. கொஞ்சம்னா எவ்வளவுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

நான் சிரித்துவிட்டேன். எனக்கும் அது தெரியாது. எங்கள் வீட்டில் சமைப்பவர் என் கணவர், நான் வெங்காயம் உரிப்பதோடு சரி. எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். "புது வழித்தடம் வந்தா என்ன பண்ணுவே? எல்லா வண்டியையும் முதல் நாளே விடுவியா?"

"மாட்டேன். ஒரு வண்டி விட்டுப் பார்ப்பேன். ஒரு வாரம்."

சொல்லிவிட்டு அவள் மறுபடி பழத்தை உரிக்கப் போனாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் மூன்று சாமான் வாங்கியிருக்கிறாள். எடை பார்க்கும் சின்ன மின் தராசு, சத்தம் போடாமல் விளக்கு மட்டும் மினுக்கும் கடிகாரம், தச்சர்கள் மரம் அறுக்கும்போது போட்டுக்கொள்ளும் காது மூடி. பாத்திரம், கரண்டி, கத்தி எல்லாம் புதிது. கோதுமை தொடாதவை.

முதல் வாரம் முட்டை. கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம். முட்டையிடம் "கொஞ்சம்" கிடையாது. ஏழு நாளும் முட்டைதான், நேரத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எட்டரை நிமிஷத்தில் மஞ்சள் கரு வழவழப்பாக இருந்தது, அதை ஒதுக்கினாள். பதினொன்றில் ஓரம் பச்சை பூத்தது. பத்துதான் என்று முடிவு கட்டினாள். இரண்டாவது வாரம் சோறு. அரிசியையும் தண்ணீரையும் நிறுத்து நிறுத்து, உதிரியாக வரும் அளவைப் பிடித்தாள். மூன்றாவது வாரம் உருளைக்கிழங்கு, வறுக்காமல் வேகவைத்து. நான்காவது வாரம் கேரட்டில் தோற்றாள். வெந்த கேரட்டின் வாசனையே ஆகவில்லை. பச்சையாகக் கடித்தாள், அது ஒத்துக்கொண்டது. தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் தடுப்பு வைத்த டப்பாவில் எல்லாவற்றையும் எடுத்து வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். கன்னத்தில் மெல்ல நிறம் திரும்பியது.

இரண்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை தராசு, நோட்டு, தன் பாத்திரம், தன் உப்பு, பருப்பு, சீரகம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அண்ணியிடம் ஏழு வாரமாகப் பேச்சு இல்லை.

"அண்ணி, எனக்குப் பருப்பு சூப் கத்துக்கணும். உங்களோடது மட்டும்தான் எனக்கு வாசனை ஒத்துக்கும்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கெல்லாம் சொல்லிக் குடுக்கத் தெரியாது. நான் பாட்டுக்குப் போடுவேன்."

"நீங்க சொல்லவே வேணாம். எப்பவும் போலப் போடுங்க. ஆனா நேரா பாத்திரத்துல போடாம இந்தக் கிண்ணத்துல போடுங்க. நான் நிறுத்துட்டுக் கொட்டறேன்."

அண்ணிக்கு இது விளையாட்டாகப் பட்டது. கையைக் கழுவிவிட்டு, இவள் கொண்டுவந்த உப்பை அள்ளிக் கிண்ணத்தில் போட்டார். ஆறு கிராம். சீரகம், இரண்டு விரலால் கிள்ளி. ஒரு கிராம். பருப்பு இரண்டு கைப்பிடி, தொண்ணூற்றிரண்டு கிராம். இவள் எழுதிக்கொண்டாள். மறுநாளும் வந்து நின்றாள். உப்பு ஆறு கிராம். அடுத்த சனிக்கிழமையும். உப்பு ஆறு கிராம், பருப்பு தொண்ணூற்றொன்று.

நிமிஷம் தராசைத் தட்டிப் பார்த்தாள். ரிப்பேராகிவிட்டதோ என்று நூறு மில்லி தண்ணீரை நிறுத்துச் சோதித்தாள். தராசில் ஒரு கோளாறும் இல்லை.

"அண்ணி, உங்க 'கொஞ்சம்' மூணு தடவையும் ஆறு கிராம்."

"அப்படியா?" அண்ணி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஏதோ குத்துமதிப்பாப் போடறேன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்."

"குத்துமதிப்பு இல்ல. உங்க கை சரியா அளக்குது. உங்களுக்குத்தான் அது தெரியல."

இருபத்திரண்டு வருஷமாக மூன்று வேளையும் சமைத்துப்போட்டவரை அந்த வீட்டில் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. இவளும் பாராட்டு என்று நினைத்துச் சொல்லவில்லை. அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க அண்ணன்கிட்ட இதை ஒரு தடவை சத்தமாச் சொல்லும்மா" என்றார். இவள் அண்ணனிடம் போய் நிஜமாகவே சத்தமாகச் சொன்னாள். அவர் கையிலிருந்த காபியைக் கொட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து அண்ணி மாடிக்கு வந்தால் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் எதையும் தொடுவார்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை அண்ணி குளியலறையில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அன்று மதியம் அவருடைய அப்பாவும் அம்மாவும் சாப்பிட வருவதாக இருந்தது. அண்ணனுக்குச் சமையலறையில் தண்ணீர் குடிக்க மட்டும் வழி தெரியும். மேலே ஏறிவந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீ செஞ்சுடறியா? முடியலைன்னா வேணாம்மா, நான் ஏதாவது பாத்துக்கறேன்."

"எனக்கு இருபது நிமிஷம் வேணும். யோசிக்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். திடீர் மாற்றம் அவளுக்கு எப்போதுமே ஆகாது. பிறகு ஒரு தாளை எடுத்து, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று அதன் அடியில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வேலைக்கும் நேரம் போட்டுக்கொண்டு மேலே வந்தாள். சோறு, சூப், உருளைக்கிழங்கு, முட்டை. நடுநடுவே எதுவும் செய்யாத மூன்று நிமிஷங்கள், வண்டி தாமதமானால் சமாளிக்க விடுவதுபோல. இருபதாவது நிமிஷம் கதவைத் திறந்து, "ஒரு நிபந்தனை. சமைக்கிறப்ப யாரும் என்கூடப் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தன் பாத்திரங்களோடு கீழ்ச் சமையலறைக்கு இறங்கினாள்.

எல்லாம் அந்தத் தாளின்படி நடந்தது, சோறு தவிர. ஒருவருக்குப் போடும் அரிசியையும் தண்ணீரையும் அப்படியே ஐந்தால் பெருக்கிவிட்டாள். பெரிய பானையில் தண்ணீர் அவ்வளவு வற்றாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மூடியைத் திறந்தால் கூழ். பன்னிரண்டு இருபது ஆகியிருந்தது. காது மூடியைப் போட்டுக்கொண்டு, பானை மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று தோன்றியதாம். தாளில் மிச்சமிருந்த மூன்று நிமிஷத்தைப் பார்த்தாள். அந்த மூன்று நிமிஷமும் சும்மா நின்றாள். பிறகு வெளியே வந்து சொன்னாள்.

"சோறு குழைஞ்சுபோச்சு. தண்ணி அதிகம். காரணம் தெரியும், அடுத்த தடவை சரியாயிடும். மத்ததெல்லாம் நல்லாருக்கு."

அண்ணியின் அப்பாவுக்குப் பல் பாதி கிடையாது. அந்தக் குழைந்த சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். "இந்த வீட்டுல இன்னிக்குத்தான் எனக்குன்னு யோசிச்சு ஒருத்தர் சோறு வடிச்சிருக்காங்க" என்றார். நிமிஷம், "உங்களுக்காக வடிக்கல, தப்பா வந்துடுச்சு" என்று விளக்கப்போக, அண்ணி கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி வாய்விட்டுச் சிரித்தார். நிமிஷம் அந்தச் சோற்றைத் தொடவில்லை. உருளைக்கிழங்கும் இரண்டு முட்டையும் சாப்பிட்டாள்.

மறுநாள் பணிமனையில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தபோது நான் கேட்டேன். "கூழாப் போனப்ப அழுகை வரலையா?"

"வந்துச்சு. ஆனா எதனால தப்பாச்சுன்னு தெரிஞ்சுது அக்கா. முன்னெல்லாம் அது தெரியாது. அதான் பயமா இருக்கும்."

இன்று அவளுக்குப் பதினான்கு சமையல் தெரியும். மற்றவர்களுக்கு அது பெரிய எண்ணாக இருக்காது. வெளியிடத்தில் அவள் இன்னும் எதையும் வாயில் வைப்பதில்லை. பணிமனை விருந்துகளுக்குத் தன் டப்பாவோடு வந்து உட்காருகிறாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, சொன்னாலும் அவள் கண்டுகொள்வதில்லை.

தலைமை அலுவலகத்தில் வருஷா வருஷம் பத்து நாள் பயிற்சி நடக்கும். அங்கே போய் வந்தால்தான் பதவி உயர்வு. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பயந்து எட்டு முறை அதை மறுத்திருந்தாள். இந்த வருஷம் சுற்றறிக்கை வந்த அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அடுப்பு வைத்த அறை ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு பெட்டி நிறையப் பாத்திரத்தோடு தனியாக ரயிலேறினாள். நானும் அண்ணியும் வழியனுப்பப் போனோம். அண்ணி ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியை விடவில்லை.

பதினோராம் நாள் காலை எட்டு ஐம்பத்தெட்டுக்குத் தன் மேஜையில் இருந்தாள்.

"எப்படிடி இருந்துச்சு?" என்றேன்.

"அடுப்பு சின்னது அக்கா. தண்ணி கொதிக்க மூணு நிமிஷம் கூட ஆச்சு. அதுக்கேத்த மாதிரி எழுந்துக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"பக்கத்து அறைக்காரங்களுக்கும் சூப் குடுத்தேன். நல்லாருக்குன்னாங்க" என்று சொல்லிவிட்டு, தேங்கிக் கிடந்த அட்டவணைகளை எடுத்துப் பிரித்தாள்.