காஸ் வாசிக்காத அக்கார்டியன்

அமெரிக்காவில் எங்கள் பஃபலோ நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் காஸ் என்கிற காசிமிர் ரோபெலைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். அங்கே சிவப்பு வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய அக்கார்டியன் வாசிக்கும் கிழவன்தான் அவன். வாசிப்பதோடு நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். "எழுபத்தெட்டுல நாங்க பங்க் பேண்டு வச்சிருந்தோம். எவனுக்கும் தலை வணங்கல!" என்று மைக்கில் வேறு அளப்பான். ஊரையே எதிர்த்துக் காட்டுக்கத்தலாகப் பாடிய அந்த பேண்டில் டிரம் அடித்தவள் நான்.

'கசடு' என்று பேர். எஃகு ஆலையில் கழித்துக் கொட்டுகிற கசடு. எங்கள் அப்பன்மாரெல்லாம் அங்கேதான் வெந்தார்கள். காஸுக்கு அது போதவில்லை. தனக்குத்தானே 'விஷம்' என்று பேர் வைத்துக்கொண்டு, நல்ல சட்டையைக் கிழித்து ஊக்குக் குத்திக்கொண்டான். பங்க் என்றால் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டான். நான் தாளம் தப்பாமல் அடித்தால், "இதென்ன கல்யாணக் கச்சேரியா?" என்று முறைப்பான். சின்ன வயதிலேயே அக்கார்டியன் போட்டியில் கோப்பை வாங்கியவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. டொராண்டோவிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர் எங்களைக் கேட்க வருவதாகச் சொன்னார். நான் அப்போது பிஸ்கட் ஆலையில் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து தப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போலிஷ் சங்க ஹாலின் கீழ்த்தளம்தான் எங்களுக்குக் கிடைத்தது. மேலே கல்யாணம். டொராண்டோக்காரர் வந்து உட்கார்ந்து, நாங்கள் தொடங்கும் நேரத்தில் ஹால் மேனேஜர் ஸ்டாஸ் படியிறங்கி ஓடிவந்தார்.

"அக்கார்டியன்காரன் பனியில வழுக்கி மணிக்கட்டை ஒடச்சுக்கிட்டான். பொண்ணுக்கு முக்காடு எடுக்கிற ஆட்டம் இன்னும் ஆகல. அது ஆகாம பொண்ணை எப்படி அனுப்புறது? டேய் காஸ், அவன் அக்கார்டியன் மேலதான் இருக்கு. ஒரு பாட்டு வாசிச்சுட்டு வந்துடு. அப்புறம் எவ்வளவு வேணாலும் கத்துங்க."

எங்களைக் கேட்க வந்து சுவரோரம் நின்ற பையன்களைக் காஸ் பார்த்தான். "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றான்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு வாசிச்சது யாருடா, உங்க தாத்தாவா?"

"அது வேற யாரோ."

"காஸ், ஒரே ஒரு பாட்டுடா. உன் கால்ல வேணா விழறேன்" என்றேன் நான்.

அவன் தரையில் காறித் துப்பினான். அன்று அவன் நடத்திய கச்சேரி அவ்வளவுதான்.

ஸ்டாஸ் நேரே போய்க் கீழ்த்தளத்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். டொராண்டோக்காரர் இருட்டில் தடவிக் கோட்டை மாட்டிக்கொண்டு, "உங்கள்ல ஒருத்தருக்குக்கூட எதுவும் வாசிக்க வராதாம்மா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். மேலே யாரோ சீப்பில் காகிதம் சுற்றி ஊதி ஆட்டத்தை முடித்தார்களாம். திங்கட்கிழமை நான் பெட்டி மடிக்கப் போனேன். ஓய்வு பெறும்வரை மடித்தேன்.

விஷம் கொஞ்ச நாளில் ஊக்கையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கல்யாணம் கல்யாணமாகப் போய் வாசிக்கத் தொடங்கியது.

போன வெள்ளி அவன் மறுபடியும் தலை வணங்காத கதையை எடுத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு மேடைக்குப் போனேன்.

"அன்னிக்கு ஏண்டா வாசிக்கல?"

"பசங்க முன்னாடி எப்படி, பெர்னி? மானம் போயிருக்குமே."

"எந்தப் பசங்கடா? வந்திருந்தது பூரா நம்ம தெருப் பசங்க. அவனவன் அக்கா கல்யாணத்துல நீ வாசிக்க வாசிக்க ஆடினவனுங்க. உன் லட்சணம் அவனுங்களுக்குத் தெரியாதா? யார்கிட்டடா மறைச்ச?"

காஸ் மைக்கைத் தள்ளி வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு அக்கார்டியனை விரித்தான். முக்காடு எடுக்கிற ஆட்டத்துப் பாட்டு. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். மீன் ஆறிப் போயிருந்தது. மேசைக்கு அடியில் பாழாய்ப்போன என் கால் தாளம் போட ஆரம்பித்தது. இன்னொரு காலால் அதை மிதித்துக்கொண்டேன்.