மிஷேலின் சாவும் தாட்சாயணியின் ஏழும்

தாட்சாயணிக்கு மிஷேல் என்று யாரையும் தெரியாது. ஆனாலும் சில மாதங்களாக அவன் தினமும் அவள் சமையலறையில் செத்துக்கொண்டிருந்தான். குக்கர் விசிலடிக்கும்போது ஆற்றில் இறங்குவான். பருப்பு வேகும்போது மூழ்கிவிடுவான். அவள் பிரெஞ்சில் விக்கி விக்கி அழுவாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் சாய்குமார் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வான்.

நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் அவளுடையது. திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. ஊசி குத்தியது தெரியாமல் குழந்தைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவளுக்குக் கனடா போக வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைக் கனடா வரிசையில் நிற்க வைத்திருக்கிறது. பிரெஞ்சும் தெரிந்தவர்களைப் பக்கத்துக் கதவு வழியாகக் கூப்பிடுகிறது. தர்ம தரிசனமும் சிறப்பு தரிசனமும் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கிலும் ஏழாம் நிலை வேண்டும். மூன்றில் அவளுக்கு வந்துவிட்டது. பேச்சு மட்டும் ஐந்திலேயே நின்றது. அடுத்த பிறந்தநாள் வந்தால் வயதுக்கான புள்ளிகள் குறையும். கனடாவுக்கு வயசுப் பிள்ளைகள்தான் பிடிக்கும். கல்யாணத் தரகர்களைப் போல.

அப்போதுதான் கிரண்குமார் கிடைத்தார். நேற்றுவரை இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கு விடிய விடிய பிள்ளைகளை உருப்போட வைத்தவர். இன்று அதே பெஞ்சுகளில் பிரெஞ்சு.

"பிரெஞ்சு பாஷை கத்துக்கணும்னா பத்து வருஷம் ஆகும் மேடம்," என்றார். "மார்க்குதானே வேணும்? அதுக்குத் தனி மெட்டீரியல் இருக்குது. உங்க ஒருத்தருக்குத்தான் தரேன். ஆனா காணிப்பாக்கம் வரணும்."

காணிப்பாக்கம் என்றால் சத்தியம் என்று தாட்சாயணிக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் பத்திரம் பொய் சொல்லலாம், சாட்சி பொய் சொல்லலாம். காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகிப் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தவன் பொய் சொல்லமாட்டான். சொன்னவர் ஒருவரை அவளுக்குத் தெரியும். பெரியப்பா கங்கையா. பங்குக் கிணறு முழுக்கத் தன்னுடையது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவருக்குக் கொஞ்ச நாளில் இரண்டு கண்ணும் போயின. சர்க்கரை வியாதி என்றார் வேலூர் டாக்டர். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய ரத்தத்தைப் பரிசோதித்து, சர்க்கரை எகிறிக் கிடந்ததைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவள் தாட்சாயணி. அவளும் ஒத்துக்கொள்ளவில்லை.

வேனில் அவளோடு வேறு சிலரும் வந்தார்கள். ஆளுக்கொரு தனி மெட்டீரியலாம். ஈரத் துணியோடு ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். மெட்டீரியலை யாருக்கும் சொல்லமாட்டேன். அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.

மறுநாள் செல்போனை வெளியே வைக்கச் சொல்லிவிட்டு, ஏசி அறைக்குள் அவள் காதோடு கிரண்குமார் உபதேசம் செய்தார். காகிதம் கிடையாது. நண்பன் மிஷேல், ஆறு, நீச்சல் தெரியாது, சாவு. கேள்வி எதுவாக இருந்தாலும் மிஷேலைக் கொண்டுவந்துவிட வேண்டும். சமையல் வகுப்பா? மிஷேல் நன்றாகச் சமைப்பான். வாடகை வீடா? மிஷேலின் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. மூழ்கும் இடத்தில் கட்டாயம் அழ வேண்டும்.

"கண்ணீருக்கு அவங்க மார்க்கு குறைக்கமாட்டாங்க மேடம். மனுசங்கதானே."

தேர்வு சென்னையில். காத்திருக்கும் கூடத்தில் அதே வேன் முகங்கள். முதலில் உள்ளே போனவர் சிட்டிபாபு, சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவர். கண் சிவந்து வெளியே வந்தார்.

"இன்னா சார், கஷ்டமா கேட்டாங்களா?" என்றாள் தாட்சாயணி.

"கேள்வி எதுவா இருந்தா இன்னாம்மா? நாம சொல்றதத்தானே சொல்லணும்." மூக்கைச் சிந்தினார். "பாவம்மா அவன். நீச்சல் தெரியாம எறங்கிக்கினு..."

"யாரு?"

சிட்டிபாபு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண்ணில் காணிப்பாக்கம் தெரிந்தது.

தாட்சாயணி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோருடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். சற்று நேரத்தில் அடுத்தவரும் எடுத்தார். சத்தியத்துக்குப் பயந்து யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஒரே பிணத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவள் முறை கடைசி.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். காலையிலிருந்து இழவு கேட்டுக் களைத்த முகம். விளம்பரம் ஒன்றை நீட்டினாள். நீச்சல் வகுப்பு. அதில் சேரும்படி தோழியை இணங்க வைக்க வேண்டும்.

மிஷேலுக்கென்றே தைத்துக் கொடுத்த கேள்வி. தாட்சாயணி வாயைத் திறந்தாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தாள். சொன்னால் ஏழு போய்விடும். மாற்றினால் என்ன போகும் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும்.

மிஷேல் தொண்டைவரை வந்து நின்றான். அவள் விழுங்கினாள்.

அவள் வாயிலிருந்து வந்தது கிணறு. பெரியப்பா பொய்ச் சத்தியம் செய்த அதே கிணறு. நைனா அவள் இடுப்பில் காலி எண்ணெய் டின்னைக் கட்டி அதில் தள்ளிவிட்டது, தண்ணீர் குடித்தது, டின் நழுவிய பிறகும் மிதந்தது. தப்பும் தடுமாற்றமுமாகப் பிரெஞ்சு வந்தது. ஒரு சொல் கிடைக்காமல் கையை வீசி நீந்திக் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணைத் திறந்தாள். கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தாட்சாயணி பதில் சொன்னாள்.

பேச்சு: ஏழு.

மற்றவர்களுக்கெல்லாம் 'பரிசீலனையில்' என்று வந்தது. சிட்டிபாபுவுக்கு இன்றுவரை பரிசீலனைதான்.

"அவங்க சரியா அழல மேடம்," என்றார் கிரண்குமார். அவள் முகத்தை ஃப்ளெக்ஸில் அடித்து, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஏழு போட்டு, அவள் தெருமுனையிலேயே கட்டினார். அவர் நம்பிக்கை பழுதாகவில்லை. மிஷேல்தான் அவளைக் கரைசேர்த்தான். இல்லை என்று அவள் சொல்ல முடியாது. சொன்னால் சத்தியத்தை மீறியது வெளியே வரும்.

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். சாய்குமாரின் பைக் சறுக்கி முட்டி சிராய்த்தபோது, இதுதானோ என்று நினைத்தாள். இது சின்னது, வரவேண்டியது இன்னும் வரவில்லை என்று முடிவு செய்தாள். மாதத்துக்கொரு தரம் தன் ரத்தத்தைத் தானே எடுத்துச் சர்க்கரை பார்த்தாள். சரியாக இருந்தது. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. வேலைக்குப் போகும் வழியில் ஒரு கண்ணை மூடி ஃப்ளெக்ஸைப் படிப்பாள். பிறகு மற்ற கண்ணை மூடி.

ஒருநாள் சாய்குமாரின் தங்கை ரூபா பை நிறையத் துணியோடு வந்து நின்றாள்.

"அண்ணி, நானும் சேந்துட்டேன்! உன் படத்தப் பாத்துதான். நாளைக்குக் காணிப்பாக்கம் கூட்டிக்கினு போறாங்களாம். எனக்கு ஒருத்திக்குன்னே தனி மெட்டீரியலாம்!"

"போவாத."

"ஏன்? நீ மட்டும் போய் அங்க ஆப்பிள் துன்னணுமா?"

தாட்சாயணி பையை வாங்கி உள்ளே வைத்தாள். ஒரு சத்தியத்தைத் தன் மார்க்குக்காக உடைத்தாயிற்று. யாருக்கும் சொல்லமாட்டேன் என்ற இன்னொன்று மிச்சம் இருந்தது.

மறுநாள் பனி மூட்டமான விடியலில் ஃப்ளெக்ஸுக்குக் கீழே வேன் நின்றது. ரூபா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தாட்சாயணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரூபா, கேளு. மிஷேல்னு ஒருத்தன். ஆத்துல முழுகிச் செத்துடுவான். அதான் மெட்டீரியலு. எல்லாருக்கும் அதேதான். நான் பரீட்சைல அதச் சொல்லவே இல்ல."

வேனில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ரூபா அண்ணியின் முகத்தையும் மேலே ஃப்ளெக்ஸில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேறு யாரும் இறங்கவில்லை. வேன் காணிப்பாக்கம் போயிற்று.

"அண்ணி, அப்ப நீ செஞ்ச சத்தியம்?"

தாட்சாயணி இடது கண்ணை மூடி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தாள். ஏழு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. பனியாக இருக்கலாம்.