மாடத்தில் வைத்த சோப்பு

விடுமுறைக்கு ஓட்டல் தேடுவதில் எனக்குத் திமிர் அதிகம். லிஃப்ட், நீச்சல் குளம் உள்ள இடங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். பழைய வீடாக, மனிதர்கள் வாழ்ந்த களை தெரிவதாக இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. குளியலறைச் சுவரில்கூட விளக்கு மாடம் இருந்தது. அதில் என் சோப்பை வைத்து, போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை வெளியே கூச்சல் கேட்டுக் கதவைத் திறந்தேன். கடப்பாரையோடு வந்திருந்த ஒருவர், ஓட்டல் முதலாளியின் தலையைத் தூணில் மோதிக்கொண்டிருந்தார். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

“அப்பா திருவாராதனம் பண்ணின பெருமாள் உள்ளுல கக்கூஸ் கட்டியிருக்கியேடா, பாவி! நீயெல்லாம் எனக்குத் தம்பியா?”

அந்தப் பூஜை அறைதான் என் குளியலறை.

அண்ணன் என்னைத் தாண்டி உள்ளே பாய்ந்தார். கடப்பாரையை ஓங்கியவர் மாடத்தைப் பார்த்ததும் நின்றார். சோப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“உங்களோடதா? வாங்கிக்கோங்கோ.”

பிறகு அடித்தார். பீங்கான் சில்லுகள் தெறித்து அவர் கையையே கிழித்தன. ரத்தம் ஒழுக ஒழுக, கழிப்பறைக் கோப்பை தூளாகும் வரை அடித்தார்.

போலீஸ் அவரை அழைத்துப்போனதும், நெற்றியில் துண்டை அழுத்தியபடி தம்பி வந்தார்.

“மன்னிக்கணும் சார். மாடியில இன்னொரு ரூம் இருக்கு. இதைவிடப் பழசு.”

“அது யாரோட ரூம்?”

“அம்மாவோடது.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த அண்ணன் என்னையும் நாலு அடி அடித்திருந்தால் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். சோப்பைக் கொடுத்துவிட்டாரே.