தாய்மாமனைக் கேட்காத டாக்டர்

எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கு நல்லது கெட்டது எது நடந்தாலும் தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டும். காது குத்த மடி தருவது அவர்தான். அரிசி ஆலை முதலாளியின் தம்பி, அங்கே வேலை பார்த்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பலவந்தம் செய்தபோதும் அவர்தான் அரிமளத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்.

கிளம்பும் முன் மாமி அவளைத் தலைமுழுக வைத்தார். "டாக்டரம்மா முன்னாடி அழுக்காவா போய் நிக்கிறது?" உடுத்தியிருந்த துணியை அலசிக் கொடியில் போட்டார். நல்ல சேலை கட்டிவிட்டார். பூ வைக்கப் போனபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பெண் துணைக்கு என்று என்னையும் ஏற்றினார்கள். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.

"போலீசு கீலீசெல்லாம் வேணாம்," என்றார் மாமா. "பொண்ணு நல்லாத்தான் இருக்குன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிருவோம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல காட்டணும்ல?"

"அவன் உள்ள போகணும் மாமா," என்றாள் அவள்.

"போவான் ஆத்தா. மொதல்ல சர்ட்டிபிகேட்."

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் துணிகளைக் கேட்டார். "தொவைச்சுட்டேங்க," என்றார் மாமி, பெருமையாக.

"இனிமே தொவைக்காதீங்க. அந்தத் துணியையும் கொண்டாரச் சொல்லுங்க," என்றவர் பெண்ணிடம் திரும்பினார். "குளிச்சிட்டோமேன்னு பயப்படாதம்மா. காயம் தண்ணில போயிடாது. பரிசோதிக்கட்டுமா?"

"நல்லாப் பாருங்க," என்றார் மாமா.

"ஒங்களைக் கேக்கலைங்க."

"நான் தாய்மாமன். சின்னப்புள்ளைங்க அது."

"வயசு?"

"இருபத்தாறு." சொல்லிவிட்டு மாமா, காட்டிக்கொடுத்தது மாமி என்பதுபோல அவரை முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சர்ட்டிபிகேட் விஷயத்தை எடுத்தார்.

"கன்னியான்னு பாக்குற அந்தப் பரிசோதனையே செய்யக் கூடாதுங்க. கோர்ட்டே சொல்லிருச்சு."

"எங்க ஊர்ல கேப்பாங்களே?"

"அப்பக் கோளாறு ஒங்க ஊருக்குத்தான்."

பெண் நிமிர்ந்தாள். "பாருங்க டாக்டர். போலீசுக்கும் சொல்லிருங்க. அக்கா மட்டும் இருக்கட்டும்."

அக்கா என்றது என்னை. மாமா நகரவில்லை. "வெளிய போங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தபோதுதான் சொன்னது நான் என்று தெரிந்தது.

உள்ளே டாக்டர் ஒவ்வொன்றுக்கும் கேட்டார். இங்கே தொடட்டுமா? இதைப் பஞ்சில் எடுக்கட்டுமா? ஓரிடத்தில் அவள் "வேணாம்" என்றாள். டாக்டர் கையை எடுத்துவிட்டார். அப்போதுதான் அவள் அழுதாள், அன்றைக்கு முதல்முறையாக. டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பப் பாருங்க," என்றாள்.

பெண் போலீஸ் வந்தபோது வாசலில் மாமா வேட்டியை இறக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "எழுதிக்கங்கம்மா, நடந்ததை நான் சொல்றேன்."

"நீங்க அங்க இருந்தீங்களா?" என்றார் போலீஸ்காரம்மா.

மாமா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆலையின் பெயரையும் அவன் பெயரையும் சொல்லத் தொடங்கிவிட்டாள்.