அம்மாவின் வேலையும் அப்பாவின் தையல் இயந்திரமும்

நாடு சுதந்திரம் பெற்ற மறு வருடம் அம்மா ஆசிரியர் பயிற்சியை முடித்தார். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கிருந்த வாத்தியார் டவுனுக்கு மாற்றலாகிவிட, பிள்ளைகள் பாடமில்லாமல் கிடந்தார்கள்.

நாங்கள் டவுனில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். அப்பா அதே டவுனின் பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடை வாசலில் தையல் இயந்திரம் போட்டிருந்தார். அவர் வெட்டும் கால்சட்டைக்காகக் காத்திருக்கும் ஆட்கள் இருந்தார்கள். தோட்டமோ பஸ் போகும் சாலையிலிருந்து வெகு உள்ளே. தினமும் போய் வர முடியாது. வேலையே வேண்டாமென்று சொல்லிவிட அம்மா தயாராக இருந்தார். அப்பாதான் விடவில்லை, எல்லாருமாகப் போய்விடலாம் என்றார்.

அம்மாவின் அண்ணன் டவுனை ஒட்டிய செமாபோக்கிலிருந்து வந்தார். "எல்லாரும் தோட்டத்த விட்டுட்டு டவுனுக்கு வராங்க. நீங்க என்னா மச்சான், பொண்டாட்டி பின்னால தோட்டத்துக்குப் போறீங்க?"

அப்பா காப்பியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "நான் அங்கயும் தைக்கலாம். அவ இங்க இருந்துகிட்டு அந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க முடியுமா?" என்றார்.

மாமா காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். எனக்குப் பத்து வயது. குழாயும் மின்விளக்கும் இல்லாத இடத்துக்குப் போகிறோமே என்று லாரியில் வழிநெடுக அழுதேன்.

தோட்டத்தில் யாரும் அப்பாவைத் தையல்காரர் என்று சொல்லவில்லை. 'டீச்சர் வீட்டுக்காரர்' என்றார்கள். கள்ளுக்கடைப் பக்கம் அதையே கேலியாகச் சொன்னார்கள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகும் பெண்கள், கறை பிடித்துக் கிழிந்த சட்டைகளை ஒட்டுப்போடக் கொண்டுவந்தார்கள். அப்பா முகம் சுளிக்காமல் ஒட்டுப்போட்டார். அட்டைக்கு மட்டும் கடைசிவரை பயந்தார். மழைக்காலத்தில் கால்சட்டையைக் கணுக்காலில் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் வெளியே இறங்குவார்.

முதல் தீபாவளிக்குத் துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களால் எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. அளவு சேராத கடைச்சட்டை போட்டுப் பழகிய பிள்ளைகள், தங்கள் உடம்புக்கென்றே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கும் வந்தார்கள். அன்று வகுப்பில் நிற்கும்போது அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

சில வருடங்கள் கழித்து டவுனுக்கு மாற்றல் கேட்க அம்மாவுக்கு வாய்ப்பு வந்தது. கேட்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டார்.

"உனக்குப் போகணும்னா போலாம்."

அம்மா யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். நான் மட்டும் இடைநிலைப் பள்ளிக்காக மாமா வீட்டுக்குப் போனேன். அம்மா ஓய்வு பெறும்வரை அவர்கள் இருவரும் தோட்டத்தில்தான் இருந்தார்கள்.