சீத்தாப்பழத்துக்கு நான் சொன்ன காரணம்

எங்கள் அப்பா எந்தக் காரியத்தையும் தன் சொந்த யோசனைப்படி செய்தவர் இல்லை. பல்லி சொல்ல வேண்டும், பூனை குறுக்கே வராமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்காமலே வீட்டுக் குழந்தை வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும். ஒருமுறை பசு வாங்கக் கிளம்பியவர், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் தம்பி "மாடு செத்துப்போச்சு" என்று கத்தியதைக் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அந்தப் பசுவைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் பல வருஷம் பால் கறந்தார். அதற்காக அப்பாவின் நம்பிக்கை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் அடி அண்ணாமலையில் இருந்தோம். அப்பாவின் தங்கையை, என் அத்தையை, தை மாதம் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். ஆவணி பிறந்ததும் அனுப்பிவிட வேண்டும். அத்தை ஆடிக்கு வந்தாள், ஆவணி முடிந்தும் போகவில்லை. முதலில் தலைவலி என்றாள், பிறகு வயிற்றுவலி என்றாள். கடைசியில் ஒருநாள் கொல்லையில் வைத்து அப்பாவிடம் சொல்லியேவிட்டாள்.

"அடிக்கிறாருண்ணா. நான் அங்க போமாட்டேன்."

"எல்லா வூட்லயும் இருக்கறதுதாம்மா. போகப் போக சரியாப் பூடும்" என்றார் அப்பா. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நான் இதைக் கேட்டேன். எனக்கு ஒன்பது வயது. அப்பா என்னையும்தான் அடிப்பார், எனக்கும் அது சரியாகத்தான் போனது. எனவே இதில் பெரிதாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அது சீத்தாப்பழக் காலம். மலையடிவாரத்தில் யாரும் நடாமலே செடி செடியாய்க் காய்த்துக் கிடக்கும். கண் விரிந்த காயாகப் பார்த்துப் பறித்து வந்து தவிட்டில் புதைத்தால் மூன்றாம் நாள் பழுத்துவிடும். அப்படிப் பறிக்கப் போனபோதுதான் அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று அத்தையிடம் கேட்டேன். நிறைமாதமாக இருந்த சீதையைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். பசித்து அழுத அவளுக்கு இந்தச் செடிதான் சோறு போட்டதாம். அதனால் அது சீதைப்பழம். அத்தை இதைச் சொல்லும்போது காயைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். வாத்தியார் சிரித்துவிட்டார். இது வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த பழம், சீதை இதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்றார். சீதம் என்றால் குளிர்ச்சி, தின்றால் உடம்பு குளிரும், அதனால் வந்த பெயர் என்று சொல்கிறவர்கள் உண்டு என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

புரட்டாசியில் ஒரு காலை, அத்தையை அழைத்துப்போக அவள் மாமியாரும் மாமனாரும் வந்து இறங்கினார்கள். பெரியவர்கள் பேசுகிற இடத்துக்கு அத்தை வரக் கூடாது. அவள் சமையலறையில் என்னைப் பிடித்து நிறுத்தி, தட்டில் நாலு சீத்தாப்பழத்தை வைத்தாள்.

"இத எடுத்தும் போயி அப்பா எதிர்ல வையி. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி, இதுக்கு ஏன் இந்தப் பேருன்னு சொல்லு. சீதைய காட்ல உட்டுட்டாங்கன்னு சொல்லு கண்ணு."

"அது தப்பு அத்த. எங்க வாத்தியாரு வேற சொன்னாரு."

"தப்பா இருந்தா இருக்கட்டும்டி. நீ அதயே சொல்லு." என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தட்டு கனம், நான் கீழே போட்டுவிடுவேன் என்று அவள் பயப்படுவதாக நினைத்துக்கொண்டேன்.

நான் தட்டை வைத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்புச் சிரிப்பு காதில் கேட்டது. இன்னொரு தடவை தப்பாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைக்க நான் தயாராக இல்லை.

"சீத்தாப்பழம்னா குளிர்ச்சியான பழம். சீதம்னா குளிர்ச்சி" என்றேன், கணீரென்று.

அப்பாவின் முகம் விளக்குப் போட்டாற்போல் ஆனது. "கேட்டீங்களா? குழந்த வாயில குளிர்ச்சின்னு வந்துடுச்சு. இதுக்கு மேல இன்னா வேணும்? இன்னிக்கே இட்டுக்கினு போங்க" என்றார். மாமியார் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அங்கே அத்தை இல்லை.

சாயங்காலம் தலை வாரிப் பூ வைத்து அவளைக் குதிரை வண்டியில் ஏற்றினார்கள். என்மேல் கோபமா என்று கேட்டேன். "நீ சொன்னதுதான் சரியாமே" என்றாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அந்த நாலு பழத்தையும் நானும் தம்பியும் தின்று தீர்த்தோம்.

இரண்டு வருஷம் கழித்துக் கார்த்திகைத் தீபத்துக்குத்தான் அவளை அனுப்பினார்கள். இளைத்துக் கறுத்திருந்தாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளின் இடப்பக்கம் உட்கார்ந்து, வகுப்பில் நான்தான் முதல் என்று சொன்னேன். அவள் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டாள்.

"இந்தப் பக்கமா வந்து சொல்லு கண்ணு. அந்தக் காது கேக்கல."

"ஏன் அத்த?"

"கெணத்துல குளிக்கறப்ப தண்ணி பூந்துடுச்சு."

அதற்கும் என்னிடம் வாத்தியார் சொன்ன வழி இருந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தால் தண்ணீர் வெளியே வந்துவிடும். எழுந்திரு, எழுந்திரு என்று கையைப் பிடித்து இழுத்தேன். அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் எண்ண எண்ண, பத்துத் தடவை குதித்தாள்.

"வந்துடுச்சா அத்த?"

"வந்துடுச்சு" என்றாள். நான் கை தட்டினேன்.